திருப்பித் தரவேண்டிய சல்லடை

டிக்கோயாவில் எனக்கு இரண்டு கடை இருக்கிறது. படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் தராசு முள் நிற்பதற்கு முன்பே எடை சொல்லிவிடுவேன். என்னை ஏமாற்ற இன்னும் ஒருத்தர் பிறக்கவில்லை. சிறுமியாக இருந்தபோதே எனக்கு இந்த நினைப்பு உண்டு.

அப்போது ஒரு வருடத்துப் பெருமழையில் என் சித்தப்பா தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். ஏன், எதற்கு என்று சித்தியைக் குடைய வந்தவர்களை அம்மா வாசலோடு திருப்பி அனுப்பினாள். பிள்ளையில்லாத சித்தி அடுத்த ஒற்றையறைக் காம்பராவில் தனியாகக் கிடந்தாள். எங்களோடு வந்து இருக்கச் சொன்னால் வரமாட்டாள். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நடுச்சுவர் கூரையைத் தொடாது. இங்கே இருமினால் அங்கே கேட்கும்.

கருமாதி முடிந்ததும் சித்தி சாமான்களைக் கொடுக்கத் தொடங்கினாள். கோழிகள் எங்களுக்கு, குடை எதிர்வீட்டு அக்காவுக்கு, தகரப்பெட்டி எனக்கு.

"வச்சுக்க. திருப்பித் தர வேணாம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயம் முழுக்க ராணி மாதிரி நடந்தேன். அம்மாவின் முகம்தான் செத்துப்போனது.

மறுநாளிலிருந்து லயத்துப் பெண்கள் இரவல் கேட்கக் கிளம்பினார்கள். எழவு விழுந்த வீட்டில் உப்புக்கூட வாங்காத சனம் நாங்கள். இவர்களோ ரொட்டிக்கல் கேட்டார்கள், குழவி கேட்டார்கள். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது ஒருத்தி திருப்பிக் கொடுப்பாள். கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது இன்னொருத்தி கேட்பாள். கேட்டவள் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் நகரமாட்டாள். வெட்கங்கெட்டதுகள் என்று பல்லைக் கடித்தேன்.

ஒரு சாயங்காலம் அம்மாவே ஆரம்பித்தாள். "சித்திகிட்டப் போயி சல்லடை வாங்கிட்டு வா."

"நம்ம சல்லடை ஆணியில தொங்குதே! ஒனக்குக் கண்ணு தெரியலையா?" லயமே கேட்கக் கத்தினேன்.

அம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். சுவருக்கு அந்தப்பக்கம் சத்தமே இல்லை.

அம்மா சித்தி வீட்டுக்கு ஓடப்போனாள். அதற்குள் சித்தி வாசலில் நின்றாள். கையில் சல்லடை. எங்கள் ஆணியைப் பார்த்தாள். பிறகு அம்மாவையே வெகுநேரம் பார்த்தாள்.

"இந்தாங்கக்கா," என்றாள். "காலையில திருப்பித் தந்துருங்க. எனக்கும் ரொட்டி சுடணும்."

அம்மா சல்லடையை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள். சித்தியும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள், எழவு விழுந்த அன்றைக்குக்கூட அழாதவள்.

நான் என் மூளையை வைத்து எடை போட்டேன். கோழியையே சும்மா கொடுத்த சித்தி, ஒரு சல்லடைக்குக் கெடு வைக்கிறாள். கருமியாகிவிட்டாள். அதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.