அத்தை கேட்டு வாங்கிய குக்கர்

தாராவியில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில் எந்தச் சாமானும் செத்ததில்லை. சாக விடமாட்டார் மாமா. அம்மாவின் அண்ணனான அவர் ஓர் அலுமினியப் பட்டறையில் ஃபிட்டராக இருந்து, பட்டறையை மூடிய பிறகு சும்மா இருந்தார். சும்மா இருக்கிறார் என்று அம்மாவின் காதுபட யாரும் சொல்லிவிட முடியாது. எங்கள் வீட்டு ஃபேன் முதல் மிக்ஸி வரை எல்லாவற்றுக்கும் அவர்தான் வைத்தியர். அவர் கைபட்ட சாமானுக்கு ஆயுசு கெட்டி, குணம்தான் கொஞ்சம் மாறிவிடும். மிக்ஸியில் சட்னி அரைக்கும்போது ஒரு ஆள் அதன் தலையை அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் நான்தான்.

எங்கள் குக்கர் அம்மாவின் கல்யாணத்துக்கு மாமா சீராகக் கொடுத்தது. ஒரு நாள் உள்ளே தண்ணீர் வற்றிப்போய், மூடியில் இருந்த சேஃப்டி வால்வு உருகிப் புஸ்ஸென்று ஆவி அடித்தது. வேறு வீடாக இருந்தால் கடையில் புது வால்வு வாங்கியிருப்பார்கள். மாமா அந்த ஓட்டையில் ஒரு பித்தளை போல்ட்டைச் செருகி, வாஷர் போட்டு முறுக்கினார். "இனி ஆயுசுக்கும் போவாது" என்று மூடியைத் தட்டிக் காட்டினார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. உள்ளே ஆவி மிஞ்சினால் குக்கர் வெடிக்காமல் இருக்க, முதலில் தான் போய் வழிவிட வேண்டும் என்றுதான் அந்த வால்வை வைத்திருக்கிறார்கள். போவதுதான் அதற்கு வேலை. மாமா அதை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

அத்தை, அப்பாவின் அக்கா. டோம்பிவிலியில் ஒரு பாத்திரக் கடையில் வேலை பார்த்தாள். மாமா சரிசெய்து கொடுத்த இஸ்திரிப் பெட்டி கையைச் சுரீரென்று இழுக்கிறது என்று ஒருமுறை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது பொய்யில்லை, நாங்களே செருப்புப் போட்டுக்கொண்டுதான் துணி தேய்ப்போம். ஆனாலும் மாமா ரோஷப்பட்டுப் பல மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா அழுது அழுது சாப்பாட்டை ஒதுக்கினாள். அப்பா இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். அதிலிருந்து மாமாவின் கைவேலையைப் பற்றி அத்தை வாயைத் திறப்பதில்லை.

தங்கையின் காதுகுத்துக்கு முந்தின நாள் மத்தியானமே அத்தை வந்துவிட்டாள். அம்மா குக்கரில் பருப்பை ஏற்றிவிட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அழைப்புச் சொல்லப் போயிருந்தாள். அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் அதில் ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தேன். திடீரென்று அத்தையின் கை நின்றது.

"ஏட்டி, விசிலு வந்துச்சா?"

"இல்ல அத்தை."

"வெளிய போ. போன்னா போ."

என்னை வாசலுக்குத் தள்ளிவிட்டு, சுவரோடு ஒட்டிக் குனிந்து, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே ஓடிவந்தாள். பிறகு வாசல்படியில் உட்கார்ந்து, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குக்கருக்கு இப்படிப் பயந்த ஒரு ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. பாத்திரக் கடையில் வேலை பார்க்கிறவளுக்கு இந்தப் பயமா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

குக்கர் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் திறந்தாள். விசில் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருந்தது. ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து அதைக் குத்தி நீக்கினாள். அப்போதுதான் மூடியில் இருந்த போல்ட் அவள் கண்ணில் பட்டது.

"இது யாரு வேல?"

"மாமா! ஆயுசுக்கும் போவாது" என்றேன்.

அத்தை அந்தப் போல்ட்டை விரலால் அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. மாமா நல்ல வேலைக்காரர்.

சாயங்காலம் அம்மாவிடம் பூப்போல ஆரம்பித்தாள். "கடையில குக்கர் வால்வு சும்மா கெடக்கு. அடுத்த தடவ ஒண்ணு கொண்டாரட்டா?"

"எதுக்கு மதினி? எங்க அண்ணன் போட்டது கம்பெனி வால்வவிட ஸ்ட்ராங்கு" என்றாள் அம்மா. குரலில் இஸ்திரிப் பெட்டியின் சூடு இன்னும் இருந்தது. அத்தை பேச்சை மாற்றிவிட்டாள்.

மறுநாள் தங்கை மாமாவின் மடியில் உட்கார்ந்து ஊரைக் கூட்டி அழுது காது குத்திக்கொண்டாள். சாப்பாடு முடிந்து சீர் கொடுக்கும் நேரம். அத்தைக்கென்று அம்மா மாதுங்காவுக்குப் போய், கால் கடுக்க நின்று ஒரு பட்டுச்சேலை எடுத்து வைத்திருந்தாள். அப்பா தட்டை நீட்டினார். அத்தை சேலையைத் தொடவில்லை.

"எலே, எனக்குச் சேல வேண்டாம். கேட்டதத் தருவியா?"

நல்ல காரியத்தன்று கூடப் பிறந்தவள் வாய்விட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா, "கேளுக்கா" என்றார். அவர் கம்மல், மோதிரம் என்று எதையோ நினைத்துக் கலங்கியது முகத்தில் தெரிந்தது.

"அந்தக் குக்கரத் தா."

அம்மா மாமாவைப் பார்த்தாள். மாமா தரையைப் பார்த்தார். பொறந்த வீட்டுச் சீரைப் புகுந்த வீட்டுக்காரி சபையில் கேட்டு வாங்குவதா? அம்மா எழுந்துபோய்க் குக்கரைக் கழுவித் துடைத்து, மூடியோடு கொண்டுவந்து அத்தையின் முன்னால் வைத்தாள். ணங்கென்று வைத்தாள்.

"கட நெறய குக்கர வச்சுக்கிட்டு எங்க அண்ணன் குடுத்ததுமேலதான் கண்ணு. நல்லா இருங்க மதினி."

சொந்தக்காரர்கள் எல்லாரும் அத்தையையே பார்த்தார்கள். அவள் காது மடல் சிவந்திருந்தது. எனக்கும் அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது. அந்தச் சேலை அவ்வளவு அழகு.

அவளை பஸ் ஏற்றிவிட என்னைத்தான் அனுப்பினார்கள். குக்கர் அவள் பையில், மூடி என் கையில். மெயின் ரோட்டில், எங்களைத் தெரியாத ஒரு பங்கார் கடை முன்னால் அத்தை நின்றாள். என் கையிலிருந்து மூடியை வாங்கி, அந்தப் பழைய இரும்புக்காரரிடம் நீட்டி, "தோடோ" என்றாள். நல்ல மூடியாயிற்றே, எதற்கு உடைக்க வேண்டும் என்று அவர் இந்தியில் கேட்டார். "தோடோ பையா" என்று மறுபடியும் சொன்னாள். அவர் சுத்தியலால் நாலு போடு போட்டார். மூடி அப்பளம்போல நெளிந்தது. போல்ட் மட்டும் அப்படியே இருந்தது. அத்தை அதை உற்றுப் பார்த்துவிட்டு, நெளிந்த மூடியை அவரிடமே விட்டுவிட்டு நடந்தாள்.

"மூடி இல்லாம எப்படி அத்தை ஆக்குவீங்க?"

"எனக்கு எதுக்குட்டி குக்கரு? நான் பானையிலதான் ஆக்குதேன்" என்றாள். "வீட்ல சொல்லிராத. மாமா மனசு சங்கடப்படும்."

பஸ் ஜன்னலிலிருந்து சிரித்துக்கொண்டே கை காட்டினாள். நான் திருப்பிக் கை காட்டவில்லை.

அம்மா அந்த வாரமே அப்பாவை நச்சரித்துக் கடைக்கு இழுத்துப்போனாள். அத்தை வாங்கிக்கொண்டு போனதைவிடப் பெரிய குக்கர், பளபளவென்று, வால்வும் புதுசாக. மாமாவுக்கு ரோஷம் இன்னும் ஆறவில்லை. "இது ரிப்பேரானா கம்பெனிக்காரன்ட்டயே குடுங்க. நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கடைசிவரை தொடவில்லை. அத்தையோடு அம்மா முகம் கொடுத்துப் பேசவே வருஷங்கள் ஆயின. எந்த விசேஷத்திலும் யாரும் அத்தைக்கு அதன்பிறகு பட்டுச்சேலை எடுக்கவில்லை.

புதுக் குக்கரில் முதல் நாள் பருப்பு ஏற்றியபோது, அம்மா எங்களையெல்லாம் கூப்பிட்டு அடுப்பைச் சுற்றி நிற்கவைத்தாள். தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவள் அடுப்பை ஒட்டியே நின்றாள். விசில் சந்து முழுக்கக் கேட்டது.

"இது டோம்பிவிலிக்கும் கேக்கட்டும்" என்றாள் அம்மா.

அம்மா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்து, நான் கை தட்டினேன்.