ரூபிக்குப் போட்ட ஊசி

போன வாரம் எங்கள் பள்ளியின் ஆய்வக அலமாரியைக் காலி செய்யச் சொன்னார் தலைமையாசிரியை. இந்த ஜூனில்தான் மாற்றலாகி வந்தவர். எதையும் இழுத்துப் போட்டுப் பெருக்குகிற ரகம். ஒரு கை போன எலும்புக்கூடு, செல்லரித்த உலகப் படம், துருப்பிடித்த காம்பஸ்கள், இவற்றுக்கெல்லாம் பின்னால் ஐந்து லிட்டர் கேன் ஒன்று. அதன் அடியில் ஒரு பச்சை ஃபைல். ஃபைலைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். கேனில் இன்னும் பாதி இருந்தது. வேண்டாத வேலையாக மூடியைத் திருகினேன். சானிடைசர் நெடி மண்டைக்கு ஏறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மல்லிகைப்பூ வாசனையில் பழைய நாள் ஞாபகம் வருகிறது என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு வாய்த்தது சானிடைசர். தலையெழுத்து!

அந்தக் கேனை ஒரகடத்தில் இருக்கிற ஒரு கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு கேனை ஆறு பேர் தூக்கிப் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டோம். நான் ஓரத்தில் நிற்கிறேன், முகக்கவசத்துக்குள் சிரித்தபடி. எதற்குச் சிரித்தேனோ.

நான் வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம் அது. வல்லம் வடகால் பக்கத்துப் பிள்ளைகள் படிக்கிற அரசுப் பள்ளி. கணக்கு டீச்சர். மாணவர்கள் 'மிஸ்' என்று கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்த்துக் கூச்சப்படுகிற பருவம். அப்போதுதான் ஊரடங்கு என்று பள்ளியைப் பூட்டினார்கள். முதலில் பதினைந்து நாள் என்றார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள். பொய் எதற்கு, நானும் மனதுக்குள் தட்டினேன்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? எங்கள் பக்கம் முதலில் திறந்தது கம்பெனிகள்தான். இரண்டு மாதத்தில் கம்பெனி பஸ்கள் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டன, சீட்டுக்கு ஒருவராக, ஜன்னலோரம் மட்டும் ஆட்களோடு. அந்தப் பஸ்கள் எங்கள் பள்ளி வாசலில்தான் திரும்பும். வாசலில் பூட்டு தொங்கும். நடுவில் சில வாரம் திறந்து, திரும்பவும் மூடினார்கள். அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

எஸ்தர் அப்போது ஒன்பதாவது. ஒல்லிக்குச்சி. கணக்கில் சூட்டிகை என்றால் அப்படி ஒரு சூட்டிகை. ஆனால் வழிமுறை எழுத மாட்டாள். கேள்வி, கீழே விடை, அவ்வளவுதான். "நடுவுல இருக்கறதெல்லாம் எங்கடி?" என்று கத்துவேன். "மண்டைல கீது மிஸ்" என்பாள். வகுப்பே சிரிக்கும். எனக்கும் சிரிப்பு வரும், அடக்கிக்கொண்டு கால் மார்க் குறைப்பேன். பதினொன்றாவதில் கணக்கு, கம்ப்யூட்டர் பிரிவு எடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எடுப்பாள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஊரடங்கில் வாட்ஸ்அப்பில் தினம் ஒரு கணக்கு அனுப்புவேன். நாற்பது பேரில் எட்டுப் பேர் பதில் அனுப்புவார்கள், எஸ்தர் அதில் முதல் ஆள். அவள் அப்பாவின் போன். பிறகு வாரம் ஒன்றாகக் குறைந்தது. கடைசியாக வந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முக்கோணவியல் கணக்கு, சரியான விடை. வழக்கம்போல நடுவில் ஒன்றும் இல்லை. "வெரி குட், ஸ்டெப் எங்கே?" என்று பதில் போட்டேன். அவள் எழுதியிருந்தது நோட்டில் இல்லை என்பதை அப்போது நான் கவனிக்கவே இல்லை. கட்டம் போட்ட அச்சுத் தாளின் பின்பக்கம். உற்றுப் பார்த்தால் முன்பக்க எழுத்து மங்கலாகத் தெரிகிறது: பார்ட் நம்பர், ஓகே, ரிஜெக்ட். கம்பெனித் தாள். கணக்கைத் திருத்தினேனே தவிர, தாளைப் பார்க்கவில்லை. வாத்தியார் புத்தி!

அடுத்த வருடம், ஆசிரியர்கள் எல்லாரும் தடுப்பூசி போட்டுக்கொண்டால்தான் பள்ளி திறக்கும் என்ற பேச்சு வந்தது. எனக்கு ஊசி என்றால் குலை நடுக்கம். இதைச் சொல்ல வெட்கம்தான். மற்றவர்கள் எல்லாரும் சேர்ந்து போய்ப் போட்டுக்கொண்டு, ஆளுக்கொரு செல்ஃபி எடுத்துக் குரூப்பில் போட்டார்கள். நான் ஜலதோஷம் என்றேன், வயிற்றுவலி என்றேன், அக்கா கல்யாணம் என்றேன். எனக்கு அக்காவே கிடையாது. அப்போதிருந்த எச்.எம். சார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் போனில் பிடித்தார்.

"ஏம்மா, எல்லாரும் போட்டாச்சு. உங்க ஒருத்தரால நம்ம லிஸ்ட்டு அப்படியே நிக்குது. பசங்க எப்ப ஸ்கூலுக்கு வர்றது?"

அந்த ஒரு வார்த்தை சுருக்கென்றது. மறுநாளே கிளம்பினேன். ஆசிரியர்களுக்கான முகாம் முடிந்துபோயிருந்தது. ஒரகடம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கம்பெனி ஆட்களுக்கும் பொதுமக்களுக்கும் போடுகிறார்கள் என்றார்கள். வரிசை வாசல் வரை நின்றது. நீலச் சட்டை, சாம்பல் சட்டை, கழுத்தில் அட்டை. எனக்கு முன்னால் நின்ற நீலச் சட்டைப் பெண் ஒருமுறை திரும்பினாள். முகத்தில் பாதி மூடியிருந்தாலும் அந்தக் கண் எனக்குத் தெரியாதா? எஸ்தர்.

பார்த்ததும் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டாள். நான் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் அவள் முறை வந்துவிட்டது.

"பேரு?"

"ரூபி."

ரூபி அவள் அக்கா. நாலு வருடம் முன்பு எங்கள் பள்ளியிலேயே பத்தாவது முடித்து, பிறகு கல்யாணமாகிப் போனவள். எஸ்தர் நீட்டியதும் ரூபியின் ஆதார்தான். நர்சம்மா அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். "மாஸ்க்க எறக்கு. இருவது வயசா உனக்கு? சின்னப் பொண்ணு மாரி இருக்க?" என்றார். எஸ்தர் முகக்கவசத்தை ஒரு நொடி இறக்கி ஏற்றினாள். நர்சம்மா பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். என் கையில் பள்ளியிலிருந்து கொடுத்த கடிதம். "நீங்க டீச்சரா? இந்தப் பொண்ணத் தெரியுமா உங்களுக்கு?"

யோசிக்க எவ்வளவு நேரம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மூச்சு விடுகிற நேரம். உண்மையைச் சொன்னால் அவள் வேலை போகும், அவள் அப்பா மேல் வழக்கு வருமோ என்னவோ. பள்ளிதான் திறக்கப்போகிறதே, வந்துவிடுவாளே என்று ஒரு கணக்கு. இப்படியெல்லாம் இப்போது அடுக்குகிறேன். அப்போது வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தெரியும். ரூபிதான். எங்க ஸ்கூல்ல படிச்ச பொண்ணு."

டீச்சர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு உண்டா? போட்டு அனுப்பிவிட்டார்கள்.

ஊசிக்குப் பிறகு அரைமணி நேரம் உட்கார வைப்பார்கள். மணமக்கள் மேடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் தோளைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னா மிஸ், இதுக்குப் போயி அழுவுறீங்க? எறும்பு கடிச்சா மாரிதான கீது."

"ஏய், நீ இங்க என்னடி பண்ற?"

"அப்பாவக் கான்ட்ராக்ட்டுல நிறுத்திட்டாங்க மிஸ். அக்கா கார்டுல நான் போயிகினு கீறேன். ஊசி போட்டாதான் லைன்ல உடுவேன்றாங்க." அவளே தொடர்ந்தாள். "ஸ்கூல் தொறக்கற வரைக்கும்தான் மிஸ். தொறந்தவுடனே வந்துடுவேன். எனக்கு எடம் புடிச்சு வைங்க."

பிடித்து வைத்தேன். பத்தாவதில் எல்லாருமே பாஸ் என்று அறிவித்திருந்தார்கள். பதினொன்றாவது சேர்க்கைப் படிவத்தை வாங்கி நானே என் கையால் நிரப்பினேன். எங்கள் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்கு நாங்கள்தான் நிரப்புவோம், அது ஒரு வழக்கம். பெயர் எஸ்தர். பிரிவு, கணக்கு கம்ப்யூட்டர். பழைய போட்டோ ஒன்றை ஒட்டினேன். மாணவி கையெழுத்து என்ற இடம் மட்டும் காலி.

பள்ளி திறந்த அன்று நூறு சதவீதம் ஊசி போட்டாயிற்று என்று வாசலில் ஒட்டினோம். நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரி ஒன்றைப் பிடித்துச் சூடு பார்த்தோம். பெஞ்சுக்கு இரண்டு பேர். எஸ்தருக்கு ஜன்னலோரம். அவள் வரவில்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் வீட்டுக்குப் போனேன். பிரசவத்துக்கு வந்திருந்த ரூபி மடியில் குழந்தையோடு வாசலில் இருந்தாள்.

"தூங்குறா மிஸ். இப்பதான் ஷிப்ட்டு முடிச்சு வந்தா." பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள். "நானும் ஊசி போட்டுக்கலாம்னு போனேன் மிஸ். உனுக்குத்தான் ரெண்டும் போட்டாச்சேன்னு அனுப்பிட்டாங்க. கைக்கொழந்தைய வச்சுகினு நானு எங்க போறது?"

அந்த முதல் ஊசிக்குச் சாட்சி சொன்னவள் நான் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா? நான் கேட்கவில்லை.

"எழுப்பட்டுமா மிஸ்?"

உள்ளே பாயில், நீலச் சட்டையைக்கூடக் கழற்றாமல் சுருண்டு கிடந்தாள். "வேணாம், தூங்கட்டும்" என்றேன். எழுப்பியிருக்க வேண்டும். முடியைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். காலாண்டுத் தேர்வு வந்தது, அரையாண்டு வந்தது. ஜன்னலோரத்தில் வேறு பெண் உட்கார்ந்தாள்.

அப்புறம் அவளைப் பார்த்தது போன மாதம்தான். வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போகலாம் என்று ஒரகடம் கூட்டு ரோட்டில் நின்றிருந்தேன். எதிரே கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த கும்பலில் அவள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். "எஸ்தர்!" என்று கத்தினேன். திரும்பவில்லை. பக்கத்தில் போய் இன்னொரு முறை கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போலப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோளைத் தொட்டதும்தான் நிமிர்ந்தாள்.

"ஐய, மிஸ்ஸா! தப்பா நெனச்சுக்காதீங்க மிஸ். அந்தப் பேரு சொல்லி இப்ப யாரும் கூப்புடறது இல்ல. லைன்ல வாய் தவறிடக்கூடாதுன்னு வூட்லயும் ரூபின்னே கூப்ட்டுப் பழகிட்டாங்க."

"அப்ப ரூபிய?"

"அவள பாப்பாம்மான்னு கூப்புடுவோம். அவ பாப்பாவுக்கு அம்மாதான?" சிரித்தாள்.

"உனக்குத்தான் பதினெட்டு ஆயிடுச்சே. உன் பேர்லயே சேரலாம் இல்ல? ராத்திரிப் பள்ளி, தபால்ல படிப்பு, எவ்வளவோ இருக்கு. நான் பாத்துக்கறேன்டி."

நான் ஏதோ விளையாட்டுக்குச் சொல்வது போலப் பார்த்தாள். "எஸ்தருக்கு ஒரு நாள் எக்ஸ்பீரியன்ஸ்கூட இல்ல மிஸ். ரூபிக்குத்தான் அத்தினி வருஷம் கீது."

பஸ் வந்தது. "ரூபி, ஏறு ஏறு!" என்று யாரோ உள்ளேயிருந்து கத்தினார்கள். உடனே திரும்பினாள்.

இப்போது அந்தப் பூட்டு இல்லை, சூடு பார்க்கிற துப்பாக்கி இல்லை. தள்ளித் தள்ளி நிற்கத் தரையில் வட்டம் போட்ட சுண்ணாம்பு எந்த மழையில் போனதோ. ஊசி போட்ட கல்யாண மண்டபத்தில் வரிசையாகக் கல்யாணங்கள் நடக்கின்றன. கேனில் மிச்சமிருந்ததைக் கழிவறையில் கொட்டினேன். அன்று முழுக்கப் பள்ளியே நாறியது.

ஃபைலைத் தலைமையாசிரியை மேசையில் வைத்துப் புரட்டினார். ஒரே ஒரு படிவம். போட்டோவில் இரட்டைச் சடையோடு ஒல்லிக்குச்சி. கையெழுத்து இடம் காலி.

"எஸ்தர்... யாரு மிஸ் இது? உங்க கையெழுத்தாட்டம் இருக்கு."

"நம்ம பொண்ணுதான் மேடம். கணக்குல கெட்டி."

"சேரவே இல்லையா? இப்ப எங்க இருக்கா?"

"இல்ல மேடம்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அடப்பாவமே. கொரோனாலயா?"

"ஆமாம் மேடம்" என்றேன். "அப்போதான்."