மார்தீஸ் வாய் திறக்காத பதினாறு ஞாயிறுகள்

மார்தீஸ் செராஃபாவின் எதிர்மேசையில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அவளைப் பற்றி அவள் ஊரில் இப்போது பேசுகிற பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இதை நான் எழுதுவதே சட்டப்படி தப்பு. அதனால் பெயர்களை மாற்றிவிட்டேன், ஊரையும் சொல்லப்போவதில்லை. மால்டாவின் தெற்கே, கடலைப் பார்த்த ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அதற்குப் பக்கத்து ஊர்.

அவள் அப்பா கப்பல் பட்டறையில் வெல்டர். அவள் இருபது வருஷம் ஊர் வங்கியில் கவுன்டரில் உட்கார்ந்தவள். வங்கி அந்தக் கிளையை மூடியபோது அவளுக்கு நாற்பத்திரண்டு வயது, புருஷன் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம், பள்ளிக்கூடம் போகிற மகள். ஸ்லீமாவில் இருக்கிற எங்கள் கம்பெனிக்கு வந்தாள். நாங்கள் லைசென்ஸ் வாங்கி ஆன்லைன் சூதாட்டம் நடத்துகிறவர்கள். திருட்டுப் பணம் ஆட்டமாக உள்ளே வந்து பரிசாக வெளியே போகிற தொழில் இது. எங்களிடம் ஆடுகிறவனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பதும், சந்தேகம் வந்தால் அரசாங்கத்துக்கு எழுதுவதும் அவள் வேலை. ஆபீசில் இருக்கும் ஸ்வீடன் பையன்களுக்கு அவளைக் கண்டால் கொஞ்சம் நடுக்கம்தான். "அவங்க கைக்கு ஃபைல் போச்சுன்னா பல்லு தேய்ச்ச பிரஷுக்குக்கூட பில் கேப்பாங்க" என்பார்கள்.

எழுதுவதோடு அந்த வேலை முடிவதில்லை. எழுதிய பிறகு, யாரைப் பற்றி எழுதினோமோ அவருக்கு அது தெரியவே கூடாது. வாயால் மட்டுமல்ல, கண் ஜாடையால் சொன்னாலும் ஜெயில்தான்.

பிப்ரவரி கடைசியில் ஒரு கணக்கு மேலே வந்தது. ஆறு மாதத்தில் கட்டிய தொகை எல்லையைத் தாண்டியிருந்தது. ஐம்பத்தெட்டு வயது பிளம்பர். பணம் ஏது என்று எங்கள் கம்பெனி கேட்டதற்கு, கைவேலையில் வந்த கூலி என்று எழுதி இரண்டு ரசீதும் அனுப்பியிருந்தார். ஃபைலைக் கொண்டுவந்த ஸ்வீடன் பையன் லீனஸ், "இது சுத்தமா இருக்கு, மூடிடலாமா?" என்று கேட்டான்.

மார்தீஸ் தொகையைப் பார்க்கவில்லை, கிழமையைப் பார்த்தாள். பணம் கட்டியதெல்லாம் திங்கட்கிழமை காலை. பையனை அனுப்பிவிட்டுத் திரையை என் பக்கம் திருப்பினாள். எங்கள் ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திருநாள் வாணவேடிக்கைக்குப் பணம் வசூலிக்க வீடு வீடாகப் பை தூக்கிக்கொண்டு வருவார்கள். அவள் ஊரில் பை தூக்குகிறவர் ஊர்த் திருநாளை நடத்துகிற பேண்டு கிளப்பின் பொருளாளர் ஜாரென். கணக்கும் அவர் பேரில்தான். ஸ்டாக்ஹோமில் பிறந்தவனுக்கு இது எந்த ஜென்மத்தில் தெரியப்போகிறது?

ஜாரென் அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். பிள்ளையின் ஞானத்தகப்பனை நாங்கள் கும்பார் என்று கூப்பிடுவோம், அவர் பிள்ளையின் அம்மாவை கும்மாரா என்பார். அவள் புருஷனின் சவப்பெட்டியை முன்னால் நின்று தூக்கியவரும் அவர்தான்.

"நான் எழுதறேன் மார்தீஸ். நீ இதுல இருந்து விலகிக்கோ" என்றேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சோம்னு எழுதணுமே பெர்ட்டு. எங்க தெருவுல யாரு பை தூக்கிட்டு வர்றாருன்னு உனக்கா தெரியும்?"

அவளே எழுதினாள். நான் துணைக் கையெழுத்துப் போட்டேன். கணக்கை மூட வேண்டாம், மூடினால் அவருக்குத் தெரிந்துவிடும், வழக்கம்போல ஆடட்டும் என்று அரசாங்கத்திலிருந்து பதில் வந்தது. அப்படியே பதினாறு ஞாயிறு போயிற்று.

மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். ஞாயிறுகளில் தனியாக இருக்க முடியவில்லை என்று ஒரு நாள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். முயல் குழம்பு. பக்கத்து வீட்டு விட்டோரியாவும் வந்திருந்தாள். எழுபதைத் தாண்டிய விதவை, திரைச்சீலை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். சாப்பிட உட்காருகிற நேரத்தில் கதவு தட்டும் சத்தம். கையில் பையோடு ஜாரென்.

"பக்கத்து ஊர்க்காரனுக்கெல்லாம் இங்க முயல் குழம்பா கும்மாரா? போன வருஷம் இவங்க வாணம் ரெண்டு தடவை இருமிட்டுப் படுத்துக்கிச்சு" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நானும் ஏதோ பதிலுக்குச் சொன்னேன். மார்தீஸ் வழக்கமான இருபது யூரோவைப் பையில் போட்டாள். விட்டோரியா எழுந்து, ஏப்ரன் பையிலிருந்து நாலாக மடித்த ஐம்பது யூரோ நோட்டை எடுத்தாள். "எம்புருஷன் பேரைச் சொல்லி ஒரு வெடி போடணும் ஜாரென். பெரிசா, சத்தமா."

"முட்டிவலிக்கு ஊசி போடணும்னியே அக்கா, அதுக்கு வெச்சுக்கோயேன்" என்று மார்தீஸ் சட்டென்று சொல்லிவிட்டாள்.

ஜாரென் அவளைப் பார்த்தார். இன்னும் ஒரு வார்த்தை பேசினால் அவளுக்கு ஜெயில், வழக்கும் போய்விடும்.

"அப்புறம் இவ எங்கிட்டதானே கடன் கேட்டு வருவா" என்று மார்தீஸ் சிரித்தாள். ஜாரெனும் சிரித்தார். நோட்டு பைக்குள் போயிற்று. மறுநாள் திங்கட்கிழமை பத்து மணிக்குள் அந்த ஐம்பதும் எங்கள் கம்பெனிக்கு வந்து சேர்ந்துவிட்டது. அன்றைக்கு அவள் எதுவும் சாப்பிடவில்லை.

ஜூன் நடுவில் கிளப்புக்கே போலீஸ் வந்து ஜாரெனைக் கூட்டிப் போனார்கள். வெடிமருந்து வாங்கக் காசு இல்லாமல், அந்த வருஷம் திருநாளுக்கு ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. பணம் எந்தக் கம்பெனிக்குப் போனது என்று ஊருக்குத் தெரிந்ததும் எல்லோரும் மார்தீஸ் பக்கம் திரும்பினார்கள். விட்டோரியா வாசலில் நின்று கேட்டாள்:

"நான் அந்த நோட்டைப் போடறப்ப நீ எம்பக்கத்துல நின்னியே. உனக்குத் தெரியுமா தெரியாதா? ஒரே வார்த்தை சொல்லு."

யார் புகார் எழுதினார்கள் என்பது வழக்கு முடிந்த பிறகும் வெளியே வரக்கூடாது. தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்று பொய் சொல்லவும் அவளுக்கு வாய் வரவில்லை. விட்டோரியா தன் வீட்டுக்குள் போய்விட்டாள். இன்றுவரை அவளிடம் பேசுவதில்லை. திங்கட்கிழமையைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆளை இந்த ஊர் சூதாட்டக்காரி என்கிறது. எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஜாமீனில் வந்த ஜாரென் ஒரு மத்தியானம் எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தார். இளைத்திருந்தார், சவரம் செய்திருக்கவில்லை. நாங்கள் சாப்பிட பஸ்திஸி வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். நான் நகரப் பார்த்தேன், மார்தீஸ் என் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கும்மாரா, என்னால ஊரே உன்னைத் திட்டுதாம்" என்று அவள் கையைப் பிடித்தார். அவர் கண்ணில் நீர் முட்டியது. "நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. தெரிஞ்சிருந்தா மொத வாரமே என் வீட்டுக்கு வந்து, கன்னத்துல ஒண்ணு விட்டு நிறுத்தியிருப்பா. எனக்குத் தெரியாதா உன்னை?"

"சாப்டீங்களா கும்பாரே?"

இல்லை என்று தலையாட்டினார். கையிலிருந்த பொட்டலத்தை அவரிடம் கொடுத்துவிட்டுப் படியேறினாள். பின்னாலேயே நானும் போனேன். மேசையில் உட்கார்ந்து அடுத்த ஃபைலைத் திறந்தாள், கண் மட்டும் அதில் இல்லை.

"அறைஞ்சுதான் இருப்பேன் பெர்ட்டு" என்றாள்.