பெனடிக்ற் வரைந்த கதவுக் கண்ணாடி

லண்டன் மோர்டனில் பெனடிக்ற்றின் வீட்டுக்கு வெள்ளை பிளாஸ்டிக் கதவு வந்த அன்றே பழைய கதவு குப்பைக்குப் போனது. அதன் மேல்பாதியில், வர்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தால் பிணைத்துச் செய்த பாய்க்கப்பல் ஒன்று இருந்தது. மன்னார்க்காரியான அவருடைய மனைவி பியற்றிஸ் அந்த வீட்டுக்குத் தலையாட்டியதே கப்பலைக் கண்டுதான். வேலையால் அவள் வந்தபோது கப்பலும் இல்லை, குப்பைத் தொட்டியும் இல்லை.

"எல்லாரும் மாத்தீனம், நாங்களும் மாத்தினம்," என்றார் பெனடிக்ற். நாலு வருடம் போயும் தான் செய்தது பிழை என்று ஒரு சொல் அந்த வாயிலிருந்து வரவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

2007இல் நூலகத்தில் ஒரு கண்காட்சி வைத்தார்கள். அவரவர் வீட்டின் அமைப்பையும் தெருவின் வரலாற்றையும் வைத்துக் குடியிருப்பவர்களே படம் செய்து கொண்டுவரலாம். உடனே மனுசனுக்குக் கலை பிடித்துக்கொண்டது. கண்ணாடித் தகடும் வர்ணக் குழாய்களும் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையை மூன்று கிழமை பிடித்து வைத்திருந்தார். பழைய கதவுக்கு மிஞ்சியிருந்த ஒரே சாட்சி, வீடு ஆசீர்வதித்த அன்று வாசலில் எடுத்த படம். அதில் சுவாமியாரின் தலை கப்பலை முழுதாக மறைத்துக்கொண்டு நின்றது. இரண்டு வருடம் அந்தக் கதவைத் திறந்து பூட்டியவருக்கு அங்கே என்ன இருந்ததென்று ஞாபகமில்லை. ஓரத்துப் பூக்களைப் பார்த்து வரைந்தார். தலை மறைத்த இடத்தில் ஒரு பனைமரத்தை நட்டார்.

"எப்பிடி இருக்கு?"

"வடிவாய் இருக்கு," என்றாள் பியற்றிஸ். திருத்த அவளுக்கு மனம் வரவில்லை. அந்த மண்டையோடு மல்லுக்கட்டும் நேரத்தில் இரண்டு கிலோ வெங்காயம் உரித்துவிடலாம்.

'எங்கள் குடும்பம் பேணிக்காக்கும் பழைய கதவு' என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி, பியற்றிஸையும் மாதா கோவிலிலிருந்து நாலு குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனார். ஒவ்வொருவரிடமும் தன் கலைத்திறனை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளைக்காரக் கிழவி வந்து படத்தை உற்றுப் பார்த்தாள். அவள் பிறந்தது அந்த வீட்டில்தானாம். இரண்டாம் உலக யுத்தத்தில் தெருமுனையில் குண்டு விழுந்து கண்ணாடி நொறுங்கியபோது, அவளுடைய தகப்பன் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துத் திரும்பவும் பொருத்தினாராம்.

"கப்பல் எங்கே?" என்று கேட்டாள்.

அது உடைந்துவிட்டது, மனைவி துடைக்கும்போது கைதவறிவிட்டது என்று பெனடிக்ற் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்.

கிழவி பியற்றிஸைப் பார்த்தாள். பியற்றிஸ் கணவனைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை, அருவருப்பாக இருந்தது. தான் எதையும் உடைக்கவில்லை, இவர்தான் கதவோடு தூக்கிக் குப்பையில் போட்டார் என்று கிழவியிடம் நிதானமாகச் சொன்னாள். பிறகு, பின்னால் நின்ற நாலு குடும்பத்தின் பக்கம் திரும்பி, ஒருவருக்கும் விளங்காமல் போகக்கூடாது என்று, அதையே தமிழிலும் சொன்னாள்.