ஆனைமலைக்கு அப்பால், என் தங்கையின் முறம்

1996 ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வந்த பயணம் இது. என் தங்கை எஸ்தரின் கணவர் ஆனைமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர்ச் சபையில் ஆராதனை நடத்தும் உபதேசியார். வாய்க்கும் கைக்கும் பற்றாத சம்பளம். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லில் எஸ்தரின் கணவருக்கு ஒரு கிளார்க் வேலை சொல்லி வைத்திருந்தோம். திங்கட்கிழமைக்குள் பதில் தெரிய வேண்டும். தங்கையைக் கரையேற்றிய அக்கா என்று நாலு பேர் சொல்ல வேண்டுமென்ற ஆசையும் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

காலை ஐந்து மணிக்குக் கோவை உக்கடத்தில் பஸ். பொள்ளாச்சி நாற்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் ஏழு ரூபாய். அங்கிருந்து ஆனைமலைக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி, இரண்டு ரூபாய். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள். கண்டக்டரிடம் சர்ச்சுக்கு வழி கேட்டேன்.

"சர்ச்சுங்களா? பத்து வருசமா இந்த ரூட்டுல போறனுங்க, அப்பிடி ஒண்ணும் கண்ணுல படலீங்களே."

தங்கைக்கென்று கடையில் வாங்கிய பத்துக் கிலோ பொன்னி அரிசிப் பையோடு வாய்க்கால் கரையில் மூன்று கிலோமீட்டர் நடந்தேன். தோள் விட்டுப்போயிற்று.

ஆராதனைக்கு முப்பது பேர் இருந்தால் அதிகம். காணிக்கை நேரத்தில் பெண்கள் கைப்பிடி அரிசியைக் கூடையில் கொட்டினார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: தினமும் உலை வைக்கும்போது கர்த்தருக்கென்று ஒரு பிடி எடுத்துவைத்து, ஞாயிறன்று கொண்டுவருவார்கள். எங்கள் கோயமுத்தூர் சபையிலும் உண்டு. ரகம் கலந்த அரிசி ஒன்றாக வேகாது, வண்டு வேறு பிடிக்கும். அதனால் எங்கள் சபையில் அது சாக்கோடு ஒரு கோழிப் பண்ணைக்குப் போய்விடும். அனுப்பிவைக்கும் பொறுப்பு என்னுடையது.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தர் அந்த அரிசியை முறத்தில் பரப்பினாள். நான் மில் வேலையைப் பற்றி ஆரம்பித்தேன். அவள் அரிசியைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

"பொன்னியக் காணோமுங்கக்கா."

"நான் கொண்டாந்தது பொன்னிதானே?"

"அதில்லீங்க. இங்க பொன்னி பொங்கறது ரோஸ்லின் ஊடு மட்டுந்தான். மத்தவங்கெல்லாம் ரேசன் அரிசி. இன்னைக்கு பொன்னிக்குப் பதிலா குருணை கிடக்குது பாருங்க. அவங்க ஊட்டுல என்னமோ கஷ்டமுங்க."

என் பையிலிருந்து பாதி அரிசியை அள்ளிக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னாலேயே போனேன். ரோஸ்லினின் கணவர் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். வேலையை விட்டு நிறுத்தி மூன்று வாரமாம். ஊருக்குத் தெரியக் கூடாதென்று தினமும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாராம்.

"எப்பிடிங்க தெரிஞ்சுது?" என்று ரோஸ்லின் எஸ்தரின் தோளில் சாய்ந்து அழுதாள்.

"ஒண்ணும் தெரியாது அம்மணி. சும்மா பாத்துபோட்டுப் போலாம்னு வந்தேன்."

நான் வாசலில் நின்றேன். அரிசி சுமந்தது நான், அழத் தோள் கொடுத்தது அவள். பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றிலும் அவளை முந்தியவள் நான். பத்து வருடமாகப் பெண்கள் சங்கத்தில் இருக்கிறேன், என் தோளில் இதுவரை ஒருத்தரும் சாய்ந்ததில்லை. கூடப் பிறந்தவள் மேல் இப்படியொரு பொறாமை வரும் என்று நான் நினைத்ததேயில்லை.

பஸ் ஏற்றிவிட வந்தபோது, மில்லுக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று கேட்டேன்.

"நாங்க வந்துபோட்டா இந்த அரிசிய யாருங்கக்கா பாப்பாங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்குத்தான் உக்கடம் வரை கோபம் ஆறவில்லை.

போக நினைக்கிறவர்களுக்கு: கட்டணமெல்லாம் அந்த வருடத்தது. வாய்க்கால் கரையில் நிழல் உண்டு, கடை கிடையாது, தண்ணீர் எடுத்துப்போங்கள். மாலை ஐந்து மணி டவுன் பஸ்ஸைப் பிடித்தால் எட்டுக்குள் கோவை வந்துவிடலாம். அரிசி கொண்டுபோவதானால் உங்கள் வீட்டில் பொங்குவதையே கொண்டுபோங்கள். பெருமைக்கு வாங்கிப்போனால் எஸ்தர் கண்டுபிடித்துவிடுவாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஞாயிறு கடையில் கால் கிலோ குருணை வாங்கிக்கொண்டு எங்கள் சபைக்குப் போனேன். அதைச் சாக்கில் போட்டால் யாராவது கவனித்து என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்களா பார்ப்போம் என்ற வீம்பு. சாக்கின் வாயைப் பிரித்தேன். மேலாகவே இரண்டு மூன்று பிடி குருணை கிடந்தது. யார் வீட்டுடையது என்று எனக்குத் தெரியவில்லை.