நீல வரி உழுவை

உழுவை மீனுக்கு எங்கள் குளச்சலில் மரியாதை கிடையாது. சுண்டுவிரல் நீளம் வளர்ந்தாலே அதிகம். ஏலத்துக்கு வராது, பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. கடலுக்குள் பாறை இடுக்கில், வயிற்றடியிலுள்ள உறிஞ்சியால் கல்லைப் பற்றிக்கொண்டு கிடக்கும்.

எங்கள் ஊர் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த காலம். நாகர்கோவிலில் விலங்கியல் படித்தேன். ஆளுக்கோர் உயிரினம் கொண்டுவரச் சொன்னார் பேராசிரியர். மற்ற பெண்கள் தவளையும் நத்தையும் கொண்டுவந்தார்கள். நான் கொண்டுபோனது நீல வரி ஓடிய ஓர் உழுவை. சிப்பி எடுக்க மூழ்கிய அப்பா, எனக்காகப் பிடித்துத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுத் தந்தது. இப்படியொரு வரியைத் தான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை என்ற பேராசிரியர், யார் பிடித்தது என்று கேட்டார்.

அப்பாவுக்குப் பலசரக்குக் கடை என்று விடுதியில் சொல்லிவைத்திருந்தேன். மீன்பிடிக்கிறவர் மகள் என்று தெரிந்தால் பக்கத்துக் கட்டிலில் படுக்கமாட்டார்கள் என்று பயம்.

"எங்க ஊர்ல சிப்பி எடுக்குற ஒரு ஆளு சார்" என்றேன். வாய் கூசவில்லை.

இடத்தைப் பார்க்க அவரே வருவதாகச் சொன்னார். முந்தின நாளே ஊருக்குப் போய், என்னைத் தெரிந்ததாக அப்பா காட்டிக்கொள்ளக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னேன். அப்பாவிடம் நேரில் சொல்லத் துணிச்சல் இல்லாத கோழை நான். அம்மா அதை எப்படித்தான் அவரிடம் சொன்னாளோ.

மறுநாள் காலை, வெளுத்த துண்டு கட்டிக்கொண்டு அப்பா வந்து நின்றார். பேராசிரியரும் நானும் கரையோரப் பாறையில் நிற்க, மூச்சடக்கி முங்கி மூன்று உழுவை பிடித்துவந்தார். வெற்றுச் சிப்பிக்குள் பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண்தான் தீனியை மறந்து காவல் கிடக்கும் என்று விவரமாகச் சொன்னார். பேராசிரியர் வியந்து வியந்து எழுதிக்கொண்டார். நடுவில் அப்பா என்னிடம், "நீங்க அங்க நிக்காண்டாம், பாசி வழுக்கும்" என்றார். பிறந்ததிலிருந்து என்னை அவர் நீங்க என்று அழைத்ததில்லை.

கிளம்பும்போது, பிள்ளைகள் எத்தனை பேர், படிக்கிறார்களா என்று பேராசிரியர் நல்ல மனதோடுதான் கேட்டார்.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "பிள்ளைகுட்டி ஒண்ணும் இல்ல சாரே."

அவ்வளவு தூரம் சொல்லும்படி நான் கேட்டிருக்கவில்லை. சற்றுத் தூரம் நடந்ததும் பேராசிரியர் தணிந்த குரலில், பாவம் என்றார். ஆமாம் சார், பாவம் என்றேன் நானும்.