கோர்வைக்கு ஆள் இல்லாத நாட்கள்

என் மகளுக்கு முதல் தடவை குளிர்க்காய்ச்சல் வந்தது ஆவணிக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை மாலை. அப்போது அவளுக்குப் பதினாறு வயது, பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை ஒன்றுமே நடக்காததுபோல் பள்ளிக்கூடம் போய் வந்தாள். வியாழன் மாலை அதே நேரத்துக்கு மறுபடி உதறியது. வெள்ளிக்கிழமை காலையில் என் மனைவி அவளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனாள். விரலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா.

இந்தக் கிழமைகளை நான் நினைவிலிருந்து எழுதவில்லை. பல வருடங்களாக ஒரு நோட்டில் தினமும் நாலு வரி எழுதிவருகிறேன். மழை பெய்ததா, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது, தறியில் எத்தனை முழம் ஓடியது, என்ன படித்தேன் என்று.

நாங்கள் இருப்பது ஐயம்பேட்டையில். தறி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. என் மனைவி ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளுடைய ஷிஃப்ட் வாரத்துக்கு வாரம் மாறும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்யும் கோர்வைச் சேலைக்கு ஒருவர் போதாது. கரை நூலைக் கொண்டு ஓடும் நாடாவைத் தள்ளப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். மாலை ஆறிலிருந்து எட்டு வரைக்கும் அந்த இடம் என் மகளுடையது. அது கொசுக்களின் நேரமும்தான். எங்கள் கால்கள் தறிக்குழிக்குள் இருக்கும். கையிலும் காலிலும் கொசு மருந்து க்ரீம் பூசிக்கொள்ள நான் அவளை விட்டதில்லை. விரல் பிசுக்கு பட்டில் பட்டால் அந்தக் கறை போகாது. "கொசு கடிச்சா தடிப்பு போயிடும், சேலையில பட்டா போகாது" என்று நானே சொல்லியிருக்கிறேன். அதை எந்த நோட்டிலும் எழுதிவைக்கவில்லை. ஆனாலும் மறக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை மனைவி திரும்பி வந்தபோது முகம் சிவந்திருந்தது. கையில் மூன்று நாள் மாத்திரை இருந்தது. பதினாலு நாள் சாப்பிட வேண்டிய இன்னொரு மாத்திரையை அவள் வாங்கவில்லை.

"வயசுப் பொண்ண வச்சிக்கினு, அத்தினி பேர் முன்னால இன்னா கேக்குறாங்க தெரியுமா?" என்றாள். "கடைசியா எப்போ குளிச்சா, நாள் தள்ளிப் போயிருக்குதான்னு. தடுப்பூசி போடற நாளு வேற. நம்ம தெருவுல பாதிப் பேர் அங்கதான் நின்னுக்கினு இருந்தாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது? பொண்ணு கையப் புடிச்சி இட்டுக்கினு வந்துட்டேன்."

மகள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

மனைவி பயந்ததில் தப்பில்லை. மறுநாளே தெருக்குழாயில் பக்கத்து வீட்டம்மா குடத்தை வைத்துக்கொண்டே கேட்டாள். "இன்னாமா, நேத்து நர்சம்மா என்னமோ கேட்டாங்களாமே? பொண்ணுக்கு வெறும் காய்ச்சல்தானே?" அந்த 'தானே' என்ற சொல்லைத் தாங்கிக்கொண்டு தண்ணீர் பிடித்து வந்தவள் என் மனைவி. அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

என்னைத்தான் குறை சொல்ல வேண்டும். மலேரியாக் கிருமி ரத்தத்திலிருந்து போன பிறகும் ஈரலில் ஒளிந்திருக்கும், அதைக் கொல்லத்தான் அந்தப் பதினாலு நாள் மாத்திரை என்று படித்திருந்தேன். படித்ததை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கேள்விக்குத் திரும்பிப் போக வேண்டும். மகள் விஷயத்தில் அப்பன் பேசுகிற பேச்சா அது?

அடுத்த வாரம் சுகாதாரப் பணியாளர் ஒருவர் வீடு தேடி வந்தார். மாடிக்கு ஏறி, மூடி உடைந்த சிமென்ட் தொட்டியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"குடிக்கிற மாதிரி சுத்தமான தண்ணிங்க அது" என்றேன்.

"சுத்தமான தண்ணியிலதாங்க இந்தக் கொசு முட்டை போடும்" என்று நெளியும் புழுக்களைக் காட்டினார். தொட்டியில் மருந்து ஊற்றிவிட்டுக் கீழே வந்தவர், கையிலிருந்த தாளைப் புரட்டினார். பூர்த்தியாகாத ஏதோ ஒரு கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஆண் அவர். என் மனைவியின் முகத்தைப் பார்த்தார், கேட்கவில்லை.

"காய்ச்சல் விட்டுப்போச்சிபா. நல்லா இருக்குறா" என்று மனைவி கதவருகில் நின்றபடியே சொல்லிவிட்டாள். அவர் போய்விட்டார்.

நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தாள். தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்தினாள். கார்த்திகை தீபம் கழிந்த மூன்றாம் நாள் மாலை, கோர்வையில் உட்கார்ந்திருந்தவள் கையிலிருந்து நாடா நழுவி விழுந்தது. எடுக்கப் போனவளுக்குப் பல் அடித்துக்கொண்டது. "பா, குளுருதுபா" என்றாள். அடுத்த வாரம் அரையாண்டுப் பரீட்சை. அந்த வாரம் மனைவிக்குக் காலை ஷிஃப்ட். விடிவதற்குள் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். ஆகவே காலையில் மகளை வண்டியில் உட்காரவைத்து நானே அழைத்துப்போனேன். காய்ச்சல் வந்த நாட்களைச் சரியாகச் சொல்லலாமே என்று நோட்டையும் எடுத்துக்கொண்டேன்.

வரிசை நீளமாக இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, ஆவணியிலிருந்து பக்கம் பக்கமாகப் புரட்டிக் காய்ச்சல் நாட்களுக்குப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். அப்போதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு மாதமும் அடுத்தடுத்து இரண்டு மூன்று நாட்கள், என் கையெழுத்தில், ஒரே வரி: 'கோர்வைக்கு ஆள் இல்லை.' அந்த மூன்று நாளும் பெண்கள் தறியைத் தொடாமல் பின்னறையில் தனியாக இருப்பது எங்கள் வீட்டு வழக்கம். என்ன எழுதுகிறோம் என்று தெரியாமலே மாதாமாதம் எழுதிவந்திருக்கிறேன். எந்தக் கேள்விக்காக மனைவி எழுந்து வந்தாளோ அதற்குப் பதில் என் மடியில் இருந்தது. பக்கத்தில் மகளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டை மூடினேன்.

அதே நர்சம்மாதான். ரத்தம் பார்த்தார்கள். அதே மலேரியா, திரும்பி வந்திருக்கிறது. பதிவேட்டைப் பார்த்துவிட்டு என்னிடம், "பதினாலு நாள் மாத்திரை வாங்கவே இல்லையே நீங்க? இப்படியே விட்டா மாசத்துக்கொரு தபா வந்துக்கினே இருக்கும். ரத்தம் பாதியா கொறைஞ்சிடும் புள்ளைக்கு. அம்மா வரலையா?" என்று கேட்டார்.

"ஷிஃப்ட்டுங்க."

"அப்ப நான் யார்கிட்ட கேக்கறது?" என்று குரலைத் தாழ்த்தினார். "தப்பா நெனச்சிக்காதீங்க சார். வயித்துல கொழந்தை இருந்தா இந்த மாத்திரை ஆகாது. அதனால பெரியமனுஷி ஆன எல்லாப் பொண்ணுங்களையும் கேட்டுத்தான் குடுக்கணும். அது ரூல்ஸ். உங்க பொண்ணுன்னு இல்ல."

எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நோட்டைத் திறந்து நீட்டியிருக்கலாம். கட்டைவிரலை நோட்டின் மேல் அழுத்திக்கொண்டு நின்றேன். வீட்டுக்குப் போய் இவள் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லத்தான் இருந்தேன்.

"சிஸ்டர்" என்றாள் என் மகள். "என்னக் கேளுங்க. காய்ச்சல் எனக்குத்தானே வந்துக்கினு இருக்குது?"

நர்சம்மா அவள் பக்கம் திரும்பினார். மகள் தேதியைச் சொன்னாள். அதற்கு முந்தைய மாதத்துத் தேதியையும் சொன்னாள். நான் சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை மேலிருந்து கீழே படித்தேன்.

"போன தபாவே சொல்லியிருப்பேன்" என்றாள். "நீங்க அம்மாவப் பாத்துத்தான் கேட்டீங்க."

நர்சம்மா பேனாவை மூடினார். "ஆமாம்மா. உன்னத் தனியா உள்ள கூப்ட்டு கேட்டிருக்கணும். தப்பு என்னுதுதான்" என்றார். பிறகு அந்த மாத்திரை அவள் ரத்தத்துக்கு ஒத்துக்கொள்ளுமா என்று இன்னொரு பரிசோதனை செய்துவிட்டு மாத்திரைகளைக் கொடுத்தார். தினமும் சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது, சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும் என்று அவளுக்கே சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

அன்று மாலை நோட்டைச் சரிபார்த்தேன். அவள் சொன்னதற்கும் என் வரிக்கும் ஒருநாள் வித்தியாசம் இருந்தது. அந்த மாதத்து மூன்று நாளில் முதல் நாள் மாலை கரண்ட் போய், விளக்கில்லாமல் தறியே ஓடவில்லை, ஆகவே நான் மறுநாளிலிருந்துதான் எழுதியிருந்தேன். அவள் சொன்னதுதான் சரி. அந்தத் தேதிகளை இங்கே எழுதவில்லை. அவை அவளுடையவை.

வேலை முடிந்து வந்த மனைவி செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள். "அத்தக் கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவதான் சொன்னா."

மனைவி செருப்பைச் சுவரோரமாக வைத்தாள். "சாப்ட்டாளா? மாத்திரை போட்டாளா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

பதினாலு நாளில் ஒன்பதாம் நாள் மகள் பின்னறைக்குப் போனாள். பரீட்சையும் நடந்துகொண்டிருந்தது. மனைவிக்கு அந்த வாரம் பகல் இரண்டு மணி ஷிஃப்ட். அந்த நாட்களில் நான் அந்த அறைப் பக்கம் போனதே கிடையாது. மனைவி வைத்துவிட்டுப் போகும் தட்டை அவளே எடுத்துக்கொள்வாள், பசியில்லை என்றால் அப்படியே விட்டுவிடுவாள். இந்தத் தடவை விட முடியாது. சோற்றைப் போட்டு, ரசம் ஊற்றி, தட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு நானே போனேன்.

"இன்னாபா, இங்கெல்லாம் வர?" என்று வேதியியல் புத்தகத்திலிருந்து தலை தூக்கினாள்.

"மாத்திரை."

"நானே போட்டுப்பேன்பா."

"சாப்டு மொதல்ல."

அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாளும் உட்கார்ந்தேன். கடைசி நாள் சிரித்துக்கொண்டே, "நோட்டுல எழுதிக்கோபா, கோர்வைக்கு ஆள் இல்ல, மாத்திரைக்கு ஆள் இருக்குதுன்னு" என்றாள். பெஞ்சில் அவள் எதைப் படித்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறுதியானது.

மாத்திரை முடிந்த பிறகு மறுபடி ரத்தம் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு மனைவி லீவு போட்டாள். நான் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அவளே மகளை ஷேர் ஆட்டோவில் அழைத்துப்போனாள். அங்கே நடந்ததை மகள்தான் வந்து சொன்னாள். நர்சம்மா வாயைத் திறப்பதற்குள் மனைவி, "எதுனா கேக்கணும்னா அவளையே கேளுங்கமா" என்று சொல்லிவிட்டு, தெருப் பெண்கள் நின்ற வரிசைக்கு எதிரே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.